மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

(கூட்டமைப்பின் பேரவைக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)

 

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் நிலுவை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மிச்சமிருக்கிற நேரத்தில் நம் பெண் பிள்ளைகளின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் யார் வீட்டுப் பெண் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறாள்? கை தூக்குங்கம்மா. பாருங்க, பாதிக்கு மேல் கை தூக்கியிருக்கீங்க. இப்போ அடுத்த கேள்வி. அந்தப் பெண் வேலை செய்கிற மெஷின் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்கிறாள்? "மெயின்டெனன்ஸ்ல சொல்லுவா, அவங்க வந்து சரி பண்ணுவாங்க" என்கிறீர்கள். அந்த "அவங்க" யார்? ஆண்பிள்ளை. ஒரு பெண் வந்து ரிப்பேர் பார்த்தாள் என்று உங்கள் மகள் வீட்டில் வந்து சொன்னது உண்டா? யாரும் கை தூக்கவில்லை.

இதைத்தான் இன்று பேசப் போகிறேன். மெஷினை ஓட்டுவதற்கு நம் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். மெஷினைச் சரி செய்வதற்கு ஏன் கூப்பிடுவதில்லை? நாம் ஏன் அனுப்புவதில்லை?

நம் ஊரைச் சுற்றி நடந்தது

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1996-ல் வந்தது. 1998-ல் அங்கிருந்து கார் வெளியே வந்தது. 2000-ல் கண்ணாடித் தொழிற்சாலை, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை, அப்புறம் டயர், லாரி, புல்லட் வண்டி என்று வரிசையாக வந்தன. சிப்காட் என்றாலே நமக்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால், மாம்பாக்கம் என்று ஊர்ப் பெயர்கள்தான் ஞாபகம் வரும். நம்மில் பலருக்கு நிலம் போனது. சிலருக்குப் பணம் வந்தது. பிள்ளைகளுக்கு வேலை வந்தது.

என்ன வேலை வந்தது? ஆண் பிள்ளைகளுக்குப் பலவிதமான வேலை. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை, லைனில் நிற்பது. ஒரு திருகு, ஒரு வயர், ஒரு ஸ்டிக்கர். எட்டு மணி நேரமும் அதே கை அசைவு. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது, எத்தனை தம்பிகள் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் லைன் வேலைக்குப் பெரும்பாலும் இளவயதுப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். ஒப்பந்தத்திலோ டிரெய்னியாகவோ சில வருஷம் வைத்திருந்து அனுப்பி விடுகிற இடங்கள் நிறைய. வெளியே வரும்போது கையில் என்ன தொழில் இருக்கிறது? அந்த ஒரு கை அசைவு வேறு எங்கே செல்லும்?

2014 நவம்பர் 1-ஆம் தேதி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அன்றுதான் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. அவர்களில் இளம்பெண்கள் ஏராளம். நன்றாக வேலை செய்தவர்கள்தான். உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்பினார்கள். ஆனாலும் பல பெண்கள் அடுத்த கம்பெனியில் புது ஆளாகவே மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பின்னால் அந்தக் கட்டடத்தையே சால்காம்ப் என்ற இன்னொரு கம்பெனி வாங்கி, சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. அங்கே எட்டு வருஷம் நின்ற பெண்ணுக்கு அப்படிக் கிடைத்ததா?

கம்பெனி மூடினால் மெயின்டெனன்ஸ் ஆளுக்கும் வேலை போகத்தான் செய்யும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் மோட்டார் எங்கே போனாலும் மோட்டார்தான். கார் கம்பெனியில் ஓடுகிற கம்ப்ரஸரும் பிஸ்கட் கம்பெனியில் ஓடுகிற கம்ப்ரஸரும் ஒரே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரியில், அரிசி மில்லில், தண்ணீர் வாரியத்தில், மெட்ரோ ரயிலில் என்று பல கதவு உண்டு. லைனில் கற்ற வேலை கம்பெனி வாசலோடு நின்றுவிடும். பராமரிப்பில் கற்ற வேலை நம்மோடு வீடு வரைக்கும் வரும்.

அது என்ன வேலை?

பராமரிப்பு டெக்னீஷியன் என்றால் ஸ்பானர் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறவர் என்று நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் அந்த வேலையில் பாதிக்கு மேல் பார்ப்பதும், கேட்பதும், யோசிப்பதும், எழுதி வைப்பதும்தான்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, மெஷின் நின்ற பிறகு ஓடிப்போய்ச் சரி செய்வது. இன்னொன்று, நிற்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதற்குத் தடுப்புப் பராமரிப்பு என்று பெயர். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஒன்று. அட்டை போட்டுத் தேதி தவறாமல் தடுப்பூசி போடுவது இன்னொன்று. நல்ல தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தடுப்பூசி அட்டை மாதிரி ஒரு அட்டை இருக்கும். இந்த வாரம் எண்ணெய் விடணும், இந்த மாசம் பெல்ட் பார்க்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பேரிங் பார்க்கணும் என்று அதில் போட்டிருக்கும்.

வீட்டில் கிரைண்டர் சத்தம் மாறினால் உடனே "என்னமோ ஆயிடுச்சு" என்று யார் சொல்வது? நாம்தான். பம்ப்செட் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது யார்? நாம்தான். அந்தக் காதுதான் இந்தத் தொழிலுக்கு முதல் கருவி. பேரிங் தேய்ந்தால் ஒரு கரகரப்பு வரும். தொட்டால் சூடு தெரியும். கிரீஸ் குறைந்தாலும் சூடாகும், அளவுக்கு மீறிப் போட்டாலும் சூடாகும். பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், ரொம்ப இழுத்துக் கட்டினால் பேரிங் போய்விடும். காற்றுக் குழாயில் கசிவு இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் அமைதியாக இருக்கும்போது 'உஸ்' என்று கேட்கும். ஒரு சென்சார் கண்ணில் தூசி படிந்தால் போதும், நூறு பேர் நிற்கிற லைன் மொத்தமும் நின்றுவிடும். அதைத் துணியால் துடைக்கத் தெரிந்தவருக்கு அன்றைக்கு மரியாதை!

ஜப்பான் தொழிற்சாலைகளில் ஒரு பழக்கம் உண்டு. பழுது வந்தால் "ஏன்?" என்று ஐந்து தடவை கேட்கச் சொல்வார்கள். நம் ஊர் மாவு மில்லை வைத்துப் பார்ப்போம். ப்யூஸ் அடிக்கடி போகிறது. ஏன்? மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது. ஏன்? சுற்ற முடியாமல் இறுகுகிறது. ஏன்? பேரிங்கில் மாவு அடைத்திருக்கிறது. ஏன்? மூடியின் ரப்பர் கிழிந்திருக்கிறது. ஏன்? அதை மாற்றணும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தினமும் ப்யூஸ் மாற்றுகிறவர் ரிப்பேர்காரர். ரப்பரை மாற்றி, நோட்டில் தேதி எழுதி வைக்கிறவர் பராமரிப்புக்காரர். குழுவின் கணக்கு நோட்டை இத்தனை வருஷமாக அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிற உங்களுக்கு இது வராதா?

"பொம்பளை கை வைக்கக் கூடாது" – சட்டமே சொன்னது

பெண்கள் இந்த வேலைக்கு வராததற்கு வழக்கம் மட்டும் காரணமில்லை. சட்டமும் ஒரு காரணம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓடுகிற இயந்திரத்தைப் பரிசோதிப்பது, எண்ணெய் விடுவது போன்ற வேலைகளைத் தனிப்பயிற்சி பெற்ற, வயது வந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. இயக்கும் இயந்திரம் ஓடும்போது பெண்கள் அதைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிப்படுத்தவோ கூடாது என்றும் சொன்னது. அதே சட்டத்தின் 66-வது பிரிவு, காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணி வரைதான் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாம் என்றது. பராமரிப்பு வேலை இரவில் அதிகம். லைன் நிற்கிற நேரத்தில்தான் மெஷினைப் பிரிக்க முடியும். ஆக, இரண்டு பிரிவும் சேர்ந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டன.

இரவு வேலைத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளோடு பெண்கள் இரவிலும் வேலை செய்யலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளிலும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. இரவு வேலைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். ஆபத்தான வேலை என்றால் போதிய பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். அந்தத் தொகுப்பில் எல்லாமே தொழிலாளிக்குச் சாதகம் என்று சொல்ல வரவில்லை. சங்கங்கள் அதை எதிர்ப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் "சட்டம் விடாது" என்று இனி ஒரு மேனேஜர் நம் பெண்ணிடம் சொன்னால், எந்தச் சட்டம் என்று திருப்பிக் கேட்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஓடுகிற மெஷினில் பெண் கை வைக்கக் கூடாது என்றார்கள். இந்தத் தொழிலில் முதல் பாடமே, ஓடுகிற மெஷினில் யாருமே கை வைக்கக் கூடாது என்பதுதான். ஆணும் கூடாது, பெண்ணும் கூடாது. முதலில் மெஷினை நிறுத்தணும். மெயின் சுவிட்சை இறக்கணும். அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளணும். "ஆள் வேலை செய்கிறார், இயக்காதே" என்ற அட்டையைத் தொங்கவிடணும். கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கணும். கரண்ட் போனாலும் குழாயில் அடைந்திருக்கிற காற்று ஒரு இரும்புக் கையைத் தள்ளிவிடும், ஆகவே காற்றையும் திறந்துவிடணும். மேலே தொங்குகிற பளுவுக்கு முட்டுக் கொடுக்கணும். பூட்டியவர்தான் திறக்கணும். அவசரம் என்று சூப்பர்வைசர் கத்தினாலும், சாவி பூட்டியவரின் பையில்தான் இருக்கணும்.

2010-ல் நம் பகுதியிலேயே ஒரு செல்போன் தொழிற்சாலையில் இளம்பெண் ஒருவர் மெஷினில் சிக்கி உயிரிழந்தார். அந்த வீட்டின் துக்கத்தை நான் இங்கே அலசப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் நம் பெண்களை அதன் பக்கத்தில் நிற்க வைப்பதுதான் பெரிய ஆபத்து. மெஷின் தெரிந்த பெண்ணுக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்றும் தெரியும்.

நம் மண்ணில் ஒரு முன்னோடி

"இதெல்லாம் நமக்குப் புதுசு மேடம்" என்கிறீர்கள். அவ்வளவு புதுசும் இல்லை. 1919-ல் சென்னையில் லலிதா என்று ஒரு பெண் பிறந்தார். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைம்பெண். கையில் நாலு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூலையில் ஒரு இடம்தான். ஆனால் அவர் 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின் பொறியியல் படித்தார். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் அவர்தான். படித்ததோடு நிற்காமல் பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பழகுநராக வேலை கற்றார். பிற்பாடு மின்பாதைகள், துணைமின் நிலையங்கள் வடிவமைக்கிற வேலையில் இருந்தார். அவருக்கு அப்பா துணை நின்றார். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். நம் பெண்களுக்குப் பேராசிரியர் அப்பா கிடையாது. அந்த இடத்தில் குழு நின்றால் என்ன?

எங்கே, எப்படிப் படிப்பது?

இப்போ நோட்டு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு முக்கியமான வழி ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். பத்தாவது தேறியவர்கள் எலக்ட்ரீசியன், பிட்டர், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், இன்ஸ்ட்ரூமென்ட் மெக்கானிக் போன்ற பிரிவுகளில் சேரலாம். இவை 2 வருஷப் படிப்பு. எட்டாவது மட்டும் படித்தவர்களுக்கு வயர்மேன் பிரிவு உண்டு. முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாத உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, காலேஜ் படிப்போடு ஐடிஐ படிப்பும் அதில் சேர்க்கப்பட்டது. சேருகிற அன்றே இதைப் பற்றி ஆபீசில் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள்.

நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. சென்னைப் பக்கம் கிண்டியிலும் அம்பத்தூரிலும் மகளிருக்கென்றே தனி ஐடிஐ இருக்கின்றன. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் நவீனமாக்கும் திட்டம் போட்டார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் மெஷின் எல்லாம் வைத்த அந்த மையங்களின் முதல் கட்டத் தொடக்க விழா 2023 ஜூலையில் ஒரகடத்தில்தான் நடந்தது. நம் வீட்டு வாசலில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு நம் பிள்ளை போகவில்லை என்றால் அது யார் குற்றம்?

இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் ஐடிஐ சேருவதற்குப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. மறுபடி சொல்கிறேன், வயது வரம்பு இல்லை. 14 வயது முடிந்தால் போதும். லைனில் வேலை செய்து வெளியே வந்த 28 வயதுப் பெண்ணும் சேரலாம். இங்கே உட்கார்ந்திருக்கிற 35 வயது அக்காவும் சேரலாம். சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஐடிஐ முடித்ததும் நேராக ஒப்பந்த வேலைக்குக் குதிக்காமல், பழகுநர் பயிற்சிக்கு முயற்சி செய்ய வேண்டும். 1961-ஆம் வருஷத்துப் பழகுநர் சட்டப்படி, கம்பெனிகள் உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுத்தர வேண்டும். முடிவில் தேர்வெழுதினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பொதுத்துறை நிறுவனங்களிலும் ரயில்வேயிலும் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டு வருஷம் படிக்க முடியாத அக்காமார்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களுக்குத் தையலுக்கும் அழகுக்கலைக்கும்தான் நாம் பெயர் கொடுக்கிறோம். மோட்டார் ரீவைண்டிங், பம்ப்செட் பழுதுபார்ப்பும் அவர்களுடைய பயிற்சிப் பட்டியலில் உண்டு. கேட்டால்தானே நடத்துவார்கள்? நம் ஊராட்சிகளில் எத்தனை பம்ப்செட், எத்தனை குடிநீர் மோட்டார் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பயப்படுவது தப்பில்லை

நம்ம ஒன்றியத்தில் ஒரு குழு உறுப்பினர். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகளை எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்க்கக் குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "கட்டணமே இல்லாத படிப்புக்குக் கடன் எதுக்கு?" என்று குழுவிலேயே கேள்வி. பஸ், சாப்பாடு, ஷூ, கருவிப் பெட்டி என்று செலவு இருக்கத்தானே செய்யும்? நாத்தனார் வந்து, "கை கறுத்துப் போன பொண்ணை எவன் கட்டுவான்?" என்று சண்டை. வகுப்பில் இருந்தவர்களில் பெண்கள் நாலு பேர். முதல் மாசம் அந்தப் பெண் தினமும் அழுதாள் என்று அம்மா சொன்னார்.

படிப்பு முடிந்து பழகுநராகச் சேர்ந்த கம்பெனியில் அவளை ஸ்டோரில் உட்கார வைத்து ரிஜிஸ்டர் எழுதச் சொன்னார்கள். கூடப் படித்த பையன்கள் மோட்டார் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் பொறுத்தாள். அப்புறம் பயிற்சிக் கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டுபோய், "சார், இதில் போட்டிருக்கிற வேலையைச் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டாள். பதில் கிடைக்க இன்னும் ஒரு மாசம் ஆனது. ஆனால் கிடைத்தது. இன்றைக்கு அவள் வேறொரு கம்பெனியில் ஷிப்ட் டெக்னீஷியன். இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள், நிரந்தரம் ஆகவில்லை. எல்லாம் சுபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டு மோட்டார் ஓடாமல் நின்றபோது கூப்பிட்டது அவளைத்தான். அந்தச் சண்டை போட்ட நாத்தனார்தான் கூப்பிட்டு அனுப்பினார்!

"பளு தூக்கணுமே" என்று கேட்கிறீர்கள். தொழிற்சாலையில் பளுவை மனுஷன் தூக்குவதில்லை, செயின் பிளாக்கும் கிரேனும் தூக்குகின்றன. தலையில் இரண்டு குடம், இடுப்பில் ஒரு குடம் தூக்கி வந்தவர்கள் பெண்ணின் பலத்தைப் பற்றி யாரிடம் கேட்கணும்?

"ஆம்பளைங்க நடுவுல தனியா" என்று கேட்கிறீர்கள். இது நியாயமான பயம். 2013-ஆம் வருஷத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு பெண். ஒப்பந்தப் பெண்ணும், பயிற்சிப் பெண்ணும் அதில் புகார் கொடுக்கலாம். வேலைக்குச் சேருகிற முதல் வாரமே அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"எங்கே தங்குவது?" என்ற பயமும் நியாயமானதுதான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப்போய், நம் பகுதிப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததை யாரும் மறக்கவில்லை. அந்தப் பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் விடுதிகளின் நிலைமை உலகத்துக்குத் தெரிந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வாய் திறந்து கேட்டால்தான் எதுவும் நடக்கும். மகளை விடுதியில் விடுவதற்கு முன்னால் ஒரு வேளை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

வேலைக்குச் சேருமுன் கேட்க வேண்டியவை

ஐடிஐ முடித்த பெண்ணையும் லைனில் நிறுத்திவிடுகிற இடங்கள் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஐந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

1. எந்தப் பிரிவில் வேலை? உற்பத்தியா, பராமரிப்பா? உத்தரவில் எழுதித் தருவீர்களா?
2. கம்பெனி ஆளா, ஒப்பந்தக்காரர் ஆளா, பழகுநரா? எத்தனை மாதத்துக்கு?
3. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா? எண் எப்போது கிடைக்கும்?
4. பூட்டு, அட்டை, ஷூ, கையுறை, கண்ணாடி கம்பெனி கொடுக்குமா?
5. இரவு ஷிப்ட் என்றால் வீடு வரைக்கும் வண்டி உண்டா? பெண்கள் கழிவறை பராமரிப்புப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

கடைசிக் கேள்வி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அது இல்லாததாலேயே தண்ணீர் குடிக்காமல் பகல் முழுவதும் இருக்கிற பெண்கள் உண்டு.

ஏற்கெனவே லைனில் இருக்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பல கம்பெனிகளில் தன் மெஷினைத் தானே துடைத்து, எண்ணெய் பார்த்து, பழுதுக்கு அட்டை கட்டுகிற முறை இருக்கிறது. இதுவும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். அதைத் தலைவலியாக நினைக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டு வாங்கி, மெஷின் எப்போ நின்றது, ஏன் நின்றது, வந்தவர் என்ன செய்தார் என்று எழுதி வரச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டே ஒரு பாடப் புத்தகம் ஆகிவிடும். பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்கும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.

நம் குழுக்கள் செய்ய வேண்டியது

சகோதரிகளே, கைதட்டிவிட்டுக் கலைந்து போகிற கூட்டமாக இது இருக்கக் கூடாது. மூன்று காரியம் கேட்கிறேன். ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்தில் விவாதித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

முதலாவது, பத்தாவது முடிக்கிற பெண் பிள்ளைகளின் பட்டியல். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே அந்தப் பிள்ளைகளையும் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு ஐடிஐக்கு ஒரு நாள் போய்வர வேண்டும். வண்டி ஏற்பாடு கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். தனியாகப் போனால் நாலு பேரில் ஒருத்தியாக நிற்பாள். நாம் பத்துப் பேரைச் சேர்த்து அனுப்பினால் அவளுக்குத் துணை இருக்கும்.

இரண்டாவது, உள்கடன். காது குத்துக்குக் கொடுக்கிறோம், மஞ்சள் நீராட்டுக்குக் கொடுக்கிறோம். கருவிப் பெட்டிக்கும் பஸ் செலவுக்கும் கேட்டால் அதை முன்னுரிமைக் கடனாக வைத்துக் கொடுங்கள். நகைக்குப் போட்ட காசு பீரோவில் இருக்கும். தொழிலுக்குப் போட்ட காசு மாதாமாதம் சம்பளமாகத் திரும்பி வரும்.

மூன்றாவது, ரீவைண்டிங் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இன்றே கொடுங்கள். போதிய பெயர் சேர்ந்தால் பயிற்சி நிலையத்துக்கு மனுக் கொடுக்கக் கூட்டமைப்பு பொறுப்பாளர்களோடு நானும் வருகிறேன்.

பெயர் எழுத நோட்டு இங்கே மேஜை மேல் இருக்கிறது. டீ குடித்துவிட்டுப் போகிற வழியில் எழுதிவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடுமுன் வீட்டில் கேட்கணும் என்றால் தாராளமாகக் கேளுங்கள், அடுத்த கூட்டம் வரைக்கும் நோட்டு திறந்தே இருக்கும்.